பிரஜாவுரிமை மறுத்த சட்டங்களும் பன்வில தோட்டங்கள் கூறும் பாடமும்

ஒரு நாட்டுக்கு உழைப்பதற்கென்று அழைத்துவரப்பட்டவர்களை, உழைப்பு முடிந்த பின்னர் "அந்நியர்" என்று பெயரிட்டு வெளியேற்ற முற்படுவது உலக வரலாற்றில் புதியதொன்றல்ல. சீனக் குடியேற்றவாசிகளுக்கு எதிராக அமெரிக்காவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் இயற்றிய சட்டங்கள் இதற்குப் பெயர்போன உதாரணங்களாகும். ஆயினும் இவை யாவும் கடல்கடந்த தேசங்களின் கதைகள் என்று எம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். கண்டியிலிருந்து மடவளை, வத்தேகம ஊடாகச் சென்றடையும் பன்வில பிரதேசத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள மடுல்கலை, கலேபொக்க, கோமரை போன்ற தோட்டங்களில் வாழும் குடும்பங்களின் வரலாற்றைப் புரட்டினால், அதே கதை வேறு பெயர்களில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் 15 என்ற திகதி இரு சமூகங்களின் தலைவிதியை ஒரே நாளில் நிர்ணயித்தது. ஒன்று, இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழர். மற்றையது, இந்நாட்டில் சிறு தொகையினராக வாழ்ந்த சீன வம்சாவளியினர். முன்னையவர்களின் கதை ஓரளவு பேசப்பட்டுள்ளது. பின்னையவர்களின் கதை அறவே பேசப்படவில்லை என்றே கூறலாம். இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து நோக்குவது இன்றைய காலத்தின் தேவை என நாம் கருதுகின்றோம்.

சீனருக்கு எதிராக எழுந்த மதில்கள்

1848ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து தென்சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். 1860களில் அந்நாட்டின் இரு கரைகளையும் இணைக்கும் ரயில் பாதை அமைக்கப்பட்டபோது, சியரா நெவாடா மலைகளைக் குடைந்து தண்டவாளம் பதித்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சீனத் தொழிலாளரே. 1869இல் ரயில் பாதை பூர்த்தியானது. 1873இல் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு முதலாளிகளைக் குற்றஞ்சாட்டுவதிலும் பார்க்க, குறைந்த கூலிக்கு உழைத்த சீனரைக் குற்றஞ்சாட்டுவது அரசியல்வாதிகளுக்கு இலகுவாக இருந்தது.

1882 மே 6ஆம் திகதி ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் ஒப்பமிட்ட சீனர் விலக்கல் சட்டம், சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் நுழைவதைப் பத்து வருடங்களுக்குத் தடைசெய்ததோடு, சீனர் பிரஜாவுரிமை பெறுவதையும் தடுத்தது. 1892இல் அது நீடிக்கப்பட்டு, சீனர் ஒவ்வொருவரும் பதிவுப் பத்திரத்தைத் தம்மோடு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. 1902இல் அது காலவரையறையற்றதாக ஆக்கப்பட்டது. இச்சட்டம் 1943 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் சீனா அமெரிக்காவின் நட்பு நாடாக இருந்தமையே அதற்கு உடனடிக் காரணமாகும். அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடமளிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டுச் சட்டமே இனவாரியான ஒதுக்கீட்டு முறைக்கு முடிவு கட்டியது.

இவ்விருண்ட காலத்தில் ஓர் ஒளிக்கீற்றும் இல்லாமலில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் சீனா சென்று திரும்பியபோது உள்நுழைய அனுமதி மறுக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கப் பிரஜையே என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் பிறப்புவழிப் பிரஜாவுரிமையைக் கட்டுப்படுத்த ஜனாதிபதி ட்ரம்ப் கட்டளை பிறப்பித்தபோது மீண்டும் விவாதத்தின் மையத்துக்கு வந்தது இத்தீர்ப்பே. இதனை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், ஐம்பது வருடங்களின் பின்னர் இலங்கை தேர்ந்தெடுத்தது இதற்கு நேர் எதிரான பாதையையாகும்.

கனடா மற்றொரு வழியைக் கையாண்டது. பசிபிக் ரயில் பாதை நிறைவுற்ற 1885ஆம் ஆண்டிலேயே, நாட்டுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவரிடமும் 50 டொலர் தலைவரி அறவிடப்பட்டது. 1900இல் அது 100 டொலராகவும் 1903இல் 500 டொலராகவும் உயர்த்தப்பட்டது. 1923இல் வாசல் முற்றாகவே மூடப்பட்டு 1947இல்தான் திறக்கப்பட்டது. அவுஸ்திரேலியா 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், வருவோர் ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்கள் கொண்ட பந்தியைச் சொல்வதெழுதலாக எழுத வேண்டும் என்றது. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். அதாவது, ஆங்கிலம் தெரிந்தவரையும் அவர் அறியாத வேறொரு மொழியில் சோதித்துத் திருப்பியனுப்ப முடிந்தது. அச்சட்டத்தில் "சீனர்" என்ற சொல்லே இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நேட்டாலில் பிறந்த தந்திரம்

இனத்தின் பெயரைக் குறிப்பிடாமலேயே ஓர் இனத்தை ஒதுக்கும் இத்தந்திரத்தை அவுஸ்திரேலியா கற்றுக்கொண்டது தென்னாபிரிக்காவின் நேட்டாலிடமிருந்தாகும். அங்கு 1897இல் கொண்டுவரப்பட்ட மொழிச் சோதனைச் சட்டத்தின் இலக்கு சீனர் அல்லர், இந்தியரே. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரையும் தெலுங்கரையும் பின்தொடர்ந்து சென்ற வணிகர்களைத் தடுப்பதே அதன் நோக்கம். அவ்வணிகர்களில் பெரும்பாலானோர் குஜராத்திலிருந்து சென்ற முஸ்லிம்களாவர்.

டிரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் கைரேகை பதிந்து பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் சீனரும் ஒரே அணியில் நின்று போராடினர் என்ற உண்மை எம்மவர் பலர் அறியாததொன்று. காந்தியடிகளோடு தம்பி நாயுடுவும், சீனர் சங்கத் தலைவர் லியுங் குவின்னும் 1908 ஜனவரியில் ஜொகன்னஸ்பேர்க் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். ஜெனரல் ஸ்மட்ஸுடனான உடன்பாட்டுக் கடிதத்தில் ஒப்பமிட்டவர்களும் இம்மூவரே. அகமது முகம்மது கச்சாலியா அப்போராட்டத்தின் தூண்களில் ஒருவராக விளங்கினார். சிறைவாசத்தில் நோயுற்று 1914 பெப்ரவரியில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் தியாகம் தமிழ் கூறும் நல்லுலகம் அறிந்ததே.

இலங்கையும் சீனரும்

இலங்கைக்கும் சீனாவுக்கும் இடையிலான தொடர்பு நேற்று இன்று ஏற்பட்டதல்ல. 1911ஆம் ஆண்டு காலியில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையின் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்கும் காணிக்கைகள் செலுத்தப்பட்டமை அதில் கூறப்படுகின்றது. செங் ஹே பிறப்பால் ஒரு முஸ்லிம் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இத்தீவின் துறைமுகத்தில் ஒரே கல்லில் இடம்பெற்ற சமூகங்களை, இருபதாம் நூற்றாண்டின் சட்டப் புத்தகம் ஒரே பக்கத்திலிருந்து நீக்கியது வரலாற்றின் முரண்நகையாகும்.

பிரித்தானியர் காலத்தில் சீனாவின் ஷாந்தொங், ஹூபெய் முதலான மாகாணங்களிலிருந்து வந்த சிலர் இலங்கையில் தங்கினர். துணி மூட்டையைச் சுமந்து வீடுவீடாகச் சென்று விற்றவர்கள், பல் கட்டுபவர்கள், உணவகம் நடத்தியவர்கள் என அவர்கள் அறியப்பட்டனர். எமது மூத்த தலைமுறையினருக்கு "சீனப் பல் வைத்தியர்" என்ற பெயர்ப்பலகை நன்கு பரிச்சயமானது. எவரது வேலைவாய்ப்புக்கும் வாக்கு வங்கிக்கும் அச்சுறுத்தலாக இராத சிறு குழுவினர் இவர்கள். இருந்தும் 1948இன் பின்னர் இவர்களும் நாடற்றவர்களாயினர்.

பன்வில தோட்டங்களின் கதை

1820களில் கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர்ச்செய்கை ஆரம்பமானபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகக் கால்நடையாக மாத்தளையை வந்தடையும் முன்னரே வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்தோர் அநேகர். எஞ்சியோர் தும்பறைப் பள்ளத்தாக்கின் மலைகளிலும் காடழித்துக் கோப்பி நட்டனர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. நக்கிள்ஸ் சாரலில் ஏலமும் பயிரிடப்பட்டது. கங்காணி, துண்டு, பெரட்டு, லயம் என்ற சொற்களுக்குள் நான்கைந்து தலைமுறைகளின் வாழ்க்கை அடங்கிப்போனது.

1931இல் சர்வசன வாக்குரிமை அறிமுகமானபோதே இவர்களுக்கு நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்கும் நிபந்தனை விதிக்கப்பட்டது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அதற்குப் பதிலடியாக இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. ஆகவே, 1948இல் தோட்டங்களில் இருந்தோர் புதிதாக வந்திறங்கிய குடியேறிகள் அல்லர் என்பது தெளிவு. அவர்களுள் பெரும் பகுதியினர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் வேட்பாளர்கள் தோட்டப் பகுதிகளில் வெற்றிவாகை சூடினர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் அவர்களுள் அடங்குவர். ஏனைய பல தொகுதிகளில் தோட்டத் தமிழரின் வாக்குகள் இடதுசாரிகளுக்கு வலுச்சேர்த்தன. இதன் எதிரொலியாகவே டி.எஸ். சேனாநாயக்க அரசாங்கம் மூன்று சட்டங்களை அடுத்தடுத்துக் கொண்டுவந்தது என ஆய்வாளர்கள் பலரும் கருதுகின்றனர்.

முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத காலத்தில், தன் தந்தை எந்தத் தோட்டத்தின் எந்த லயத்தில் பிறந்தார் என்பதற்கு ஒரு தொழிலாளி எங்கிருந்து அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவருவார்? அதே சோதனை எல்லோருக்கும் வைக்கப்பட்டிருந்தால் கிராமங்களில் வாழ்ந்தோர் பலரும் தவறியிருப்பர். ஆனால், அவர்களிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. அவுஸ்திரேலியாவின் சொல்வதெழுதலுக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. எழுத்தில் எல்லோருக்கும் பொதுவான விதி. நடைமுறையில் ஒரு சாராருக்கு மட்டுமான தடை.

இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர், திருமணமானோர் ஏழு வருடங்களும் ஏனையோர் பத்து வருடங்களும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் எனவும், போதிய வருமானம் இருக்க வேண்டும் எனவும் அது நிபந்தனை விதித்தது. நோயுற்ற தாயைப் பார்க்கத் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ சென்று, திரும்புவதற்கு ஓராண்டுக்கு மேல் தாமதித்தவரின் வதிவிடம் முறிந்ததாகக் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டது. இறுதியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே.

மூன்றாவது, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜைகள் அல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதியென ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. அவ்வாண்டு நடைபெற்ற சத்தியாக்கிரகமும் பலனளிக்கவில்லை. கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு பிரித்தானியக் கோமறைக் கழகம் வரை சென்றது. சட்டம் எந்த இனத்தையும் பெயர் கூறி ஒதுக்கவில்லை என்ற அடிப்படையில் 1953இல் அது நிராகரிக்கப்பட்டது. நேட்டாலின் தந்திரம் நீதிமன்றத்திலும் வென்றது என்றே கூற வேண்டும்.

முஸ்லிம்களும் தப்பவில்லை

இச்சட்டங்கள் தோட்டத் தமிழரை மாத்திரமே பாதித்தன என எண்ணுவது தவறு. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி முதலான ஊர்களிலிருந்து வந்து கண்டி, வத்தேகம, மாத்தளை நகரங்களிலும் தோட்டக் கடைகளிலும் வணிகம் செய்த முஸ்லிம்கள் "கரையோரச் சோனகர்" எனத் தனியே கணக்கிடப்பட்டனர். 1915ஆம் ஆண்டுக் கலவரம் கண்டி நகரில் ஆரம்பித்தபோது, அதற்கு முன்னோடியாக இருந்தது இவ்வணிகர்களுக்கு எதிரான "அந்நியர்" என்ற பிரசாரமே. ஆயினும் தாக்குதல் தொடங்கியதும், தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் அதற்குத் தப்பவில்லை. வந்தேறி என்ற முத்திரை ஒருபோதும் குறிவைத்தவரோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. 2018 மார்ச்சில், பன்விலவுக்கு வெகுதொலைவில் இல்லாத திகன, தெல்தெனிய பிரதேசங்களில் நிகழ்ந்தவையும் இதனையே மீண்டும் உணர்த்தின.

1949இன் பின்னர் இந்திய, பாகிஸ்தானிய முஸ்லிம் வணிகர்களும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்களாயினர். ஏனையோர் தற்காலிக வதிவிட அனுமதிப்பத்திரத்தின் தயவில் வாழ்ந்து, அது காலாவதியானதும் கடைகளை விட்டுவிட்டுச் சென்றனர். "கள்ளத்தோணி" என்ற இழிசொல்லும் இக்காலத்திலேயே தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றிப் பரவியது.

ஒப்பந்தமும் பிரிவும்

1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் எனக் கணிக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு; 3 இலட்சம் பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பம் கேட்கப்படாமலேயே இவ்வெண்கள் தீர்மானிக்கப்பட்டன. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டோரின் தொகை ஒதுக்கப்பட்ட தொகையைப் போல் சுமார் இரு மடங்காக இருந்தமை அவர்களின் விருப்பம் எதுவென்பதைப் பறைசாற்றியது.

கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் கடவுச்சீட்டுப் பெற்று, கோச்சியேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து இராமேஸ்வரம் நோக்கிக் கப்பலேறியோர் மூன்று இலட்சத்துக்கும் அதிகமாவர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு வேறொரு நாடும் வாய்த்தது. நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் குடியேறியோர் அங்கு "சிலோன்காரர்" ஆயினர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். 1984ஆம் ஆண்டளவில் கப்பற் போக்குவரத்து நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத நிலையை எய்தினர்.

திருத்தப்பட்ட தவறு

காலம் கடந்தேனும் தவறு திருத்தப்பட்டது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோர் பெருந்தொகையினருக்குச் சத்தியக் கடதாசி மூலம் பிரஜாவுரிமை பெற வழிவகுத்தது. 2003 அக்டோபரில் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. யுத்தத்தால் தமிழகம் சென்று அகதிகளாக வாழ்ந்தோரையும் உள்ளடக்க 2009இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது.

சீன வம்சாவளியினர் மேலும் ஐந்து வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியருக்கும் பாகிஸ்தானியருக்குமே உரியது என்பதால் அதன் குறுகிய வாசல்கூட அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டமே, 1948 நவம்பர் 15 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தோருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. எந்தத் திகதி அவர்களை நாடற்றோராக்கியதோ, அதே திகதி அறுபது வருடங்களின் பின்னர் அவர்களின் உரிமைக்கு அளவுகோலாயிற்று. அண்மைக் காலத்தில் நிர்மாணத் திட்டங்களுக்காக விசாவில் வந்த சீனப் பணியாளர்களையும், இம்மண்ணின் மைந்தர்களான இச்சிறு சமூகத்தையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்வது அநீதியாகும்.

சட்டப் புத்தகத்தில் தவறு திருந்திவிட்டது என்பதால் அதன் விளைவுகளும் மறைந்துவிட்டன எனக் கூற முடியாது. வாக்கில்லாத மக்களுக்குப் பாதையும் பாடசாலையும் வைத்தியசாலையும் கேட்டுப் பேசப் பாராளுமன்றத்தில் எவரும் இருக்கவில்லை. பிரஜாவுரிமை கிடைத்த பின்னரும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. பன்வில போன்ற பிரதேச சபைகளுக்கு வாக்களித்த தோட்ட மக்கள், அச்சபையிடமிருந்து தம் லயத்துக்கு ஒரு பாதையைக் கேட்டுப் பெற 2018ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காணியுரிமையும் தனி வீடும் இன்னமும் பூரணமாகத் தீராத கோரிக்கைகளாகவே உள்ளன.

நியூசிலாந்து 2002இல் சீனரிடம் தலைவரி அறவிட்டமைக்காக மன்னிப்புக் கோரியது. கனடா 2006இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரி, வரி செலுத்தி உயிரோடிருந்தோருக்கு நட்டஈடும் வழங்கியது. அமெரிக்க செனட் சபை 2011இலும் பிரதிநிதிகள் சபை 2012இலும் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றின. மன்னிப்புக் கோருவதால் அந்நாடுகள் சிறுமையடையவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏகமனதாகக் கைகளை உயர்த்திய இலங்கைப் பாராளுமன்றம், 1948ஆம் ஆண்டுச் சட்டங்கள் இழைத்த அநீதிக்காக அதே ஏகமனத்துடன் வருத்தம் தெரிவிக்கத் தயங்க வேண்டியதில்லை. அவ்வரலாறு பாடசாலைப் பாடநூல்களில் மூன்று மொழிகளிலும் இடம்பெற வேண்டும். பத்திரம் இன்மையால் பிறப்பு அத்தாட்சியோ தேசிய அடையாள அட்டையோ பெற முடியாமல் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் முதியோர் இருப்பின், அவர்களைத் தேடிச் சென்று நடமாடும் சேவைகள் மூலம் அக்குறையைத் தீர்ப்பது பிரதேச செயலகங்களின் கடமையாகும்.

தமிழரும் முஸ்லிம்களும் இவ்வரலாற்றிலிருந்து பெற வேண்டிய படிப்பினையும் ஒன்றுண்டு. அடுத்த வீட்டுக்காரரின் உரிமைக்குப் பத்திரம் கேட்கப்படும்போது நாம் மௌனம் காத்தால், அதே கேள்வி எமது வாசலுக்கு வர நெடுங்காலம் ஆகாது. காலிக் கல்வெட்டில் ஒரே கல்லில் இடம்பெற்ற சமூகங்கள் ஒரே சட்டத்தின் கீழ் சம உரிமையுடன் வாழும் நிலையை உறுதிப்படுத்துவது ஆட்சியாளர்களின் பொறுப்பு மட்டுமல்ல, எம் அனைவரினதும் பொறுப்புமாகும் என்பதை நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.